ஒரு கிலோ பருப்பு

நேயர்களுக்கு வணக்கம். என் மகளுக்குப் போட வேண்டிய தடுப்பூசியில் ஒரு தவணை இரண்டு மாதம் தள்ளிப்போனது. ஊசி வேண்டாம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. புதன்கிழமை வரும், வீட்டில் ஏதாவது வேலை இருக்கும், சரி, அடுத்த புதன் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

அதனால்தான் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தைப் பற்றி எங்கே போனாலும் பேசுகிறேன். சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, பின்னால் 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கினார்களே அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, அவர்களும் சக ஆய்வாளர்களும் அங்கே 134 கிராமங்களை ஆராய்ந்தார்கள். அந்த மாவட்டத்தில் துணைச் சுகாதார நிலையங்கள் பாதி நேரம் பூட்டித்தான் கிடந்தன. அன்றைய கூலியை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்துபோன தாய் பூட்டைப் பார்த்துத் திரும்பினால், மறுபடி எப்போது கிளம்புவாள், சொல்லுங்கள்?

சில கிராமங்களில் மாதம் ஒருநாள் தவறாமல் தடுப்பூசி முகாம் நடத்தினார்கள். வேறு சில கிராமங்களில் அதே முகாம், கூடவே ஒவ்வொரு முறை ஊசி போடும்போதும் ஒரு கிலோ பருப்பு. எல்லாத் தவணையும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள் ஒரு செட். முகாமே இல்லாத ஊர்களில் முழுத் தவணையும் முடித்த பிள்ளைகள் நூற்றுக்கு 6. முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18. பருப்பும் கொடுத்த ஊர்களில் 39.

இது லஞ்சம் மாதிரி இல்லையா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அப்போது பருப்பு கிலோ நாற்பது ரூபாய் சுமார். அதற்காகப் பிள்ளைக்கு ஊசி போடத் துணிந்தார்கள் என்று நான் நம்பவில்லை. ஊசியின் பலன் கண்ணில் படாது. தட்டம்மை வராமல் போனதை யார் பார்த்தார்கள்? பருப்பு இன்று ராத்திரியே அடுப்பில் வேகும். அடுத்த மாதம் போகலாம் என்றிருந்தவளை இன்றைக்கே கிளம்ப வைக்க அது போதுமாக இருந்தது. திரும்பவும் சொல்கிறேன், அந்தத் தாய்மார்கள் ஊசியை மறுக்கவில்லை, தள்ளிப்போட்டார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று திட்டி ஒரு சுவரொட்டி ஒட்டினால் என்ன மாறும்?

செலவும் குறைந்தது. எத்தனை பேர் வந்தாலும் நர்ஸ் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கத்தான் போகிறார். கூட்டம் வந்ததால், முழுத் தவணை முடித்த ஒரு பிள்ளைக்கு ஆன செலவு, பருப்பு கொடுக்காத முகாமைவிடப் பாதியாக இருந்தது.

அப்புறம் இதே மாதிரி, கென்யாவில் குடிதண்ணீரில் கிருமியைக் கொல்ல, தண்ணீர் பிடிக்கிற இடத்திலேயே குளோரின் பெட்டி வைத்தது, கைப்பிடியைத் திருப்பினால் குடத்துக்கு வேண்டிய அளவு விழும்... நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். வாங்கி வந்து வீட்டில் கலக்கச் சொன்னபோது கலக்காதவர்களில் பலர், இதை இலவசமாக ஊற்றடியில் வைத்ததும் கலந்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வணக்கம்.