கொதிநீர் வேறு, சூடுநீர் வேறு

நேயர்களுக்கு வணக்கம். நான் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் பெரியவர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கிறேன். விசைப்படகுக்குப் போகிறவர்கள், கடல்பாசி எடுக்கும் பெண்கள், கருவாட்டுக் கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், இவர்கள்தான் என் மாணவர்கள்.

இவர்களை மூன்று நாள் சேர்ந்தாற்போல் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா? படகு போகிற நாளில் ஆள் கடலில். போகாத நாளில் வலை சரிபார்க்கிற வேலை. அதனால் பாடத்தை இரண்டாகப் பிரித்தோம். காதால் கேட்டுத் தெரிந்துகொள்வதெல்லாம் செல்போனில், ஐந்து நிமிடக் குரல் பதிவாகப் போகும். கையால் பழக வேண்டியது நேரில், ஒரே நாள். கலப்புமுறைக் கற்றல் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன் ஐந்து நிமிடம் என்றால், அதற்கு மேல் என் குரலை என் வீட்டுக்காரரே கேட்பதில்லை.

முதல் வருஷம் நான் ஒரு தப்புச் செய்தேன். போனில் கேள்வி கேட்டால் டாண் டாண் என்று பதில் வருகிறதே, நேர் வகுப்பை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டேன்.

வாலில் விஷமுள் உள்ள திருக்கை மீன் குத்தினால் காலைச் சூடான தண்ணீரில் வைக்க வேண்டும் என்ற பாடம் அதற்குள் போயிருந்தது. திருக்கை முள் பட்டவர்களுக்குத் தெரியும், அது என்ன வலி என்று. ஒரு தம்பிக்கு, வலையிலிருந்து மீன் பிரிக்கும்போது கணுக்காலில் வால் அடித்துவிட்டது. கூட இருந்தவர் என் பாடத்தை ஒன்றுவிடாமல் கேட்டவர். படகில் சோறு பொங்குகிற அடுப்பிலேயே தண்ணீர் வைத்தார். தளதளவென்று கொதித்தது. வாளியில் ஊற்றி, காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்! அந்தத் தம்பி அலறுகிறான். விஷம் இறங்குகிறது, அதனால்தான் அலறுகிறான் என்று இவர் காலை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். கரைக்கு வந்தபோது முள் குத்திய காயம் ஒன்று, வெந்த காயம் ஒன்று. "அக்கா, நீங்க சொன்னபடியேதான் செஞ்சேன்" என்றார் என்னிடம்.

அவர் மேல் என்ன தப்பு? 40 முதல் 45 டிகிரி என்றும் பதிவில் சொல்லியிருந்தேன். படகில் யார் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார்கள்? திரும்பக் கேட்டுப் பார்க்கலாம் என்றால் நடுக்கடலில் டவர் ஏது? சேதி போனில் போய்விட்டது, சூட்டின் அளவு போகவில்லை.

அதனால் இப்போது நேர் வகுப்பில் முதல் வேலையே வாளிதான். பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவுகிறோம் அல்லவா? அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு. ஒவ்வொருவரும் விளாவி, கையை விட்டுப் பார்க்க வேண்டும். குத்துப்பட்ட காலை வைத்துச் சூடு பார்க்கவே கூடாது. அந்த வலியில் சூடு தெரியாது. அடிபடாத காலை முதலில் வையுங்கள். பொறுக்கிறதா? அப்புறம் அடிபட்ட கால். ஆறிப்போனால் காலை வெளியே எடுத்துவிட்டு வெந்நீர் சேருங்கள். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், டி.டி. ஊசியும் போட வேண்டும். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறி நின்றால் பிடுங்காதீர்கள், அப்படியே கரைக்குத் திரும்புங்கள்.

இப்போதுதான் ரேடியோவைத் திறந்தவர்களுக்காக இன்னொரு தரம்: கொதிநீர் இல்லை, பொறுக்கிற சூடு.

அடுத்தது பொம்மை. மூச்சு நின்றவருக்கு நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். போனில் கேட்டால் எல்லாரும் ஒப்பிப்பார்கள். பொம்மை முன்னால் மண்டியிட்டால்? பாறையில் பாசி பறித்துக் காய்த்துப்போன கை, பூவைத் தொடுகிற மாதிரி தொடுகிறது. "வலிக்குமேக்கா!" பொம்மைக்கு வலிக்குமாம். "உரல்ல இடிக்கிற வேகமா?" என்றார் இன்னொருவர். அதைவிட வேகம் அம்மா, நொடிக்கு இரண்டு.

அந்தப் பொம்மையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நார்வே நாட்டுப் பொம்மைக்காரர் ஒருவர் 1960-இல் முதலில் செய்தது. அதற்கு அவர் வைத்த முகம், பாரிஸில் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம். இதைச் சொன்ன அன்று வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவர்களில் சிலர் வீட்டில் கடல் ஆள் எடுத்திருக்கிறது.

மூழ்கியவர் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் நம் கரையில் பழகிப்போனது. வேண்டாம். வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முதலில் வாயில் ஊதுங்கள், பிறகு 30 அழுத்தம், 2 ஊதல், மாறி மாறி. போனில் இதைச் சரியாகச் சொன்ன அண்ணன் ஒருவர், நேரில் நேராக வயிற்றுக்குத்தான் போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேடியோ நிலையத்துத் தம்பி, நேரமாகிவிட்டது என்று விரலைக் காட்டுகிறார். கடல்பாம்பு, சொறி என்கிற ஜெல்லிமீன், வலிப்பு மூன்றும் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். கடல்பாம்பு கடித்த இடம் வலிக்காமல் இருக்கலாம், அதை நம்பாதீர்கள். கட்டாதீர்கள், கீறாதீர்கள், ஆடாமல் படுக்கவைத்து உடனே கொண்டுவாருங்கள். சொறி பட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள். வலிப்புக்குச் சாவி வேண்டாம். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படை 1554, கரையில் 108.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கட்டிக்கிடக்கும். நேர் வகுப்பு அப்போதுதான். வாளி நான் கொண்டுவருகிறேன். வணக்கம்.