"இஸ் இட்?"னு கேட்டா சாட்சி தேடாதீங்க

வணக்கம் மக்களே, தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து பேசுறேன். இங்க சாட்ஸ்வர்த்ங்கிற ஏரியாவுல பங்களாதேஷ் மார்க்கெட்னு ஒரு சந்தை, அது பக்கத்துல நிக்குறேன், அதான் பின்னாடி இவ்வளவு சத்தம்.

யாராவது ஒரு சேதி சொன்னா, வாயப் பிளந்துட்டு இங்கிலீஷ்ல என்ன சொல்றது? "ஓ மை காட்" எல்லாருக்கும் தெரியும், விடுங்க. ஊர்ல இருந்து இங்க வேலைக்கு வர்றவங்க முழிக்கிறது "இஸ் இட்?"லதான். "கார் வாங்கிட்டேன்"னு சொல்லுங்க, "இஸ் இட்?"ம்பாங்க. "தங்கச்சிக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு"ன்னா அதுக்கும் "இஸ் இட்?"தான். சந்தேகப்படுறாங்கன்னு நினைச்சு போட்டோவெல்லாம் எடுத்துக் காட்டாதீங்க! நம்ம "அப்படியா?" தான் அது. இங்க பேசுற இன்னொரு மொழி ஆஃப்ரிகான்ஸ், அதுலயும் "இஸ் டிட்?"னு இதே மாதிரிதான் கேப்பாங்க.

ஆனா லண்டன் கிளையன்ட் கிட்ட இது எடுபடாது. அங்க அவங்க சொன்ன வினைச்சொல்லுக்கு ஏத்த மாதிரி திருப்பிக் கேக்கணும். "ஷி காட் மேரீட்"னா "டிட் ஷி?", "ஹி இஸ் இன் டர்பன்"னா "இஸ் ஹி?".

இப்ப சொல்றதுதான் வில்லங்கமானது. "ஐ கான்ட் பிலீவ் இட்"னா "நம்பவே முடியலயே". நல்லதுக்கும் சொல்லலாம், கெட்டதுக்கும் சொல்லலாம். ஆனா "ஐ டோன்ட் பிலீவ் யூ"ன்னு வாய் தவறினீங்க, "நீ பொய் சொல்ற"ன்னு முகத்துக்கு நேரா சொன்ன மாதிரி. ஃப்ரெண்டு கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னா பரவால்ல. மேனேஜருக்கு "ஐ ஹேட் நோ ஐடியா", அதாவது "எனக்குத் தெரியவே தெரியாதே", போதும். "யூ மஸ்ட் பி ஜோக்கிங்" எல்லாம் நம்ம செட்டுக்கு மட்டும். சாவு சேதிக்கு "நோ வே"ன்னு கத்திடாதீங்க, ப்ளீஸ். "ஓ நோ, ஐ ஆம் சோ சாரி", அவ்வளவுதான்.

ஆச்சரியப்பட்டா ஜூலு மொழியோட "ஹைபோ!" இங்க எல்லார் வாயிலயும் வரும். தக்காளி விலை கேட்டாலே ஹைபோதான்! நம்ம "ஐயோ" மட்டும் சும்மாவா? 1860ல மெட்ராஸ்ல இருந்து நம்ம ஆளுங்கள வேலைக்கு ஏத்திக்கிட்டு ட்ரூரோங்கிற கப்பல் இங்க வந்துச்சு. அப்படி வந்த குடும்பங்கள்ல இன்னைக்குப் பல பேருக்குத் தமிழ்ல நாலு வரி பேச வராது, "ஐயோ" மட்டும் போகல. 2016ல ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே அத சேத்துக்கிச்சு, தைரியமா சொல்லுங்க.

கடைசியா "ரியலி?". குரல் மேல ஏறினா ஆச்சரியம். கீழ இறங்கினா "சரி, போதும், நிறுத்து"ன்னு கேக்கும். ரெண்டையும் போன்ல ரெக்கார்ட் பண்ணிப் போட்டுக் கேளுங்க, உங்களுக்கே தெரியும்.