நேற்று வரை நன்றாக இருந்த பூனை

வணக்கம். வீட்டில் பூனை வளர்ப்பவர்களும் இதைக் கேட்கலாம், 'நாங்க வளர்க்கல சார், அதுவா வந்து திண்ணையில படுத்துக்கிச்சு' என்று சொல்கிறவர்களும் கேட்கலாம். நம் ஊரில் இரண்டாவது வகைதான் அதிகம். புதுச்சேரியில் முத்தியால்பேட்டை, வைத்திக்குப்பம் பக்கம் போனால் ஒரே பூனை நான்கு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு நான்கு பெயரோடு திரியும். உடம்புக்கு வந்தால் மட்டும் அது யார் வீட்டுப் பூனையும் இல்லை.

நான் கால்நடை மருத்துவன். வேலையில் இருந்த காலத்தில் வரிசையில் நின்றதெல்லாம் மாடும் ஆடும்தான். யாராவது பூனையைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தால், கன்றுக்குட்டியோடு நிற்கிறவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். இப்போது காலம் மாறிவிட்டது, ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வருகிற போன் எல்லாம் பூனைக்காகத்தான். அதில் முதல் வாக்கியம் மாறுவதே இல்லை: 'சார், நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு.' அடுத்தது, 'காலையில பார்த்தா பின்னங்காலை இழுத்துக்கிட்டு வருது.' மூன்றாவது, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, 'பக்கத்து வீட்டுல ஏதோ வச்சிட்டாங்கன்னு நினைக்கிறேன்.'

வைப்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்த வரையில் காரணம் பெரும்பாலும் பக்கத்து வீட்டில் இல்லை. நம் வீட்டுத் தட்டில், நம் வீட்டு மாத்திரை டப்பாவில், சில சமயம் அந்தப் பூனையின் நெஞ்சுக்குள்ளேயே இருக்கும். அதனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: பக்கத்து வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பூனையின் தட்டைப் பாருங்கள். இதை நடுநடுவே மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள், வானொலியில் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாதே.

தட்டுக்குப் போவதற்கு முன் நெஞ்சு விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் தாமதத்துக்கு இடமே இல்லை. பூனைக்கும் இதயத் தசை தடித்துப்போகிற நோய் உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது, சாப்பிடும், மதில் ஏறும், தூங்கும். உள்ளே இதயத்தின் இடது மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து ஒரு கட்டியாகும். ஒரு நாள் அது கிளம்பிப் பெரிய ரத்தக்குழாய் வழியாக இறங்கி, குழாய் பின்னங்கால்களுக்குப் பிரிகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், பாகூர் பக்கம் வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற மதகில் வைக்கோல் அடைத்துக்கொள்கிற மாதிரி. அதோடு இரண்டு பின்னங்காலுக்கும் ரத்தம் நின்றுவிடும். பூனை கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள், அவ்வளவு வலி.

படம் போட்டுக் காட்ட வழியில்லை, ஆனால் கையால் தெரிந்துகொள்ளலாம். முன்னங்காலின் அடிப்பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். பின்னங்காலைத் தொடுங்கள். அது ஜில்லென்று இருந்து, ரோஸ் நிறமாக இருக்க வேண்டிய அடிப்பாதம் வெளிறியோ நீலம் பாரித்தோ இருந்தால், மூச்சும் வாங்கினால், அது வாதமும் இல்லை, யார் வைத்ததும் இல்லை, ரத்தக்கட்டி. கறுப்புப் பூனைக்குப் பாதமும் கறுப்பாக இருக்கும், நிறம் தெரியாது, சூட்டை மட்டும் பாருங்கள். தைலம் தேய்க்காதீர்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், உணர்ச்சி இல்லாத கால் வெந்துபோனாலும் அதற்குத் தெரியாது. நேராக மருத்துவரிடம் போங்கள். பிழைக்குமா என்று கேட்டால், பல பூனைகள் பிழைப்பதில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு கால் மட்டும் விழுந்த பூனைக்கு வாய்ப்பு கூடுதல். வலியையாவது உடனே குறைக்கலாம், அதுவே பெரிய காரியம்.

இன்னொன்று. கால் இழுக்கிற பூனையைப் பார்த்ததும் பாவப்பட்டு, வலிக்குமே, காய்ச்சலாக இருக்குமே என்று நாம் போடுகிற பாராசிட்டமாலைப் பாதியாக உடைத்துப் பாலில் கரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றுகிற வேலையை நம் ஈரல் செய்கிறது, பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகவும் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஈறு காப்பி நிறமாகும், முகம் வீங்கும், மூச்சு திணறும். முதலில் வந்தது என்ன நோயோ, இப்போது இரண்டாவதும் சேர்ந்துவிட்டது. நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தும் அப்படித்தான். பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து நாய்க்கு ஒன்றும் செய்யாது, அதையே பூனையின் பிடரியில் விட்டால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வரும். தெரியாமல் விட்டுவிட்டிருந்தால் பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துடைத்து, துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டப்பாவையும் எடுத்துப்போங்கள்.

சரி, தட்டுக்கு வருவோம்.

நம்முடையது கடற்கரை. கடலூர் முதுநகர் துறைமுகம் ஆகட்டும், இங்கே பெரிய மார்க்கெட் ஆகட்டும், மீன் ஆய்கிற அம்மாக்களைச் சுற்றிப் பூனைகள் உட்கார்ந்திருக்கும். குடலும் செவுளும் அதுகளுக்கு. வீட்டிலும் மத்தி, நெத்திலி வாங்கினால் பூனைக்குப் பச்சையாகவே ஒரு பங்கு. எப்போதாவது என்றால் குற்றமில்லை. நாள் தவறாமல் அது ஒன்றையே கொடுத்தால்தான் வம்பு. சில வகைச் சிறு மீன்களின் பச்சை உடம்பில் தயாமினேஸ் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது பி1 வைட்டமினை அழித்துவிடும். பூனைக்கோ நாயைவிட அதிகமாக பி1 தேவை. சில வாரம் போனால் சாப்பாடு இறங்காது, அப்புறம் நடை தள்ளாடும், கண்ணின் பாவை விரிந்தே நிற்கும், தலை தொங்கி மோவாய் நெஞ்சைத் தொடும், முடிவில் வலிப்பு. பார்க்கிறவர்கள் விஷம் என்றுதான் சொல்வார்கள். நேரத்தோடு பி1 ஊசி போட்டால் ஓரிரு நாளிலேயே எழுந்து நடக்கத் தொடங்கும், வீட்டுக்காரர்கள் என்னைப் பெரிய மந்திரவாதி மாதிரி பார்ப்பார்கள். தடுக்க வழி ரொம்பச் சுலபம், மீனை வேகவைத்துக் கொடுங்கள். வெந்தால் அந்தப் பொருள் செத்துப்போகும். கூடவே முட்டை, கோழி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். கோழியும் வேகவைத்துத்தான். 2023இல் போலந்தில் 29 பூனைகளுக்குப் பறவைக் காய்ச்சல் உறுதியானது. மூச்சுத் திணறல், வலிப்பு. அங்கே பச்சைக் கோழிக்கறியின் மீதும் சந்தேகம் விழுந்தது. இன்னொன்று, சிறுநீரகம் கெட்டுப் பொட்டாசியம் குறைந்த கிழட்டுப் பூனைக்கும், பி1 குறைந்த பூனை மாதிரியே தலை தொங்கும், ரத்தம் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

மீன் என்று வாயைத் திறந்தால் மினமாட்டாவைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. என் மாணவர்கள் 'ஐயா ஆரம்பிச்சுட்டார்' என்பார்கள், பரவாயில்லை.

ஜப்பானின் தெற்கே மினமாட்டா, நம் கடலூர் மாதிரி மீன்பிடிக்கும் ஊர், ஊரில் ஒரு பெரிய ரசாயனத் தொழிற்சாலை. 1950களின் தொடக்கத்தில் கரையோரக் குப்பங்களில் பூனைகள் விநோதமாக நடந்துகொள்ள ஆரம்பித்தன. தள்ளாடும், எச்சில் ஒழுகும், வட்டம் சுற்றும், துள்ளும், சில கடலில் போய் விழும். ஜனங்கள் பூனை ஆடுகிறது என்றார்கள். சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். கொஞ்ச நாளில் ஒரு குப்பத்தில் பூனையே இல்லாமல் போனது, எலி பெருகியது, எலியை ஒழித்துக்கொடுங்கள் என்று நகராட்சிக்கு மனு போட்டார்கள். 1954இலேயே உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. பாருங்கள், மனு எலிக்குத்தான் போனது. பூனை ஏன் செத்தது என்று கேட்கவில்லை.

1956இல் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு நடை போயிற்று, பேச்சு போயிற்று. அப்புறம் அதன் தங்கைக்கு. அப்புறம் தெருவுக்கு. தொழிற்சாலை மருத்துவமனையின் தலைவர் ஹொசோகாவா, மே 1ஆம் தேதி, காரணம் தெரியாத மூளை நரம்பு நோய் என்று சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். ஒட்டுவாரொட்டி என்று பயந்து வீடுகளில் மருந்தடித்தார்கள், நோயாளி வீட்டோடு பேச்சுவார்த்தையை நிறுத்தினார்கள். தொழிற்சாலை கழிவுநீரில் கலந்து கடலுக்குள் போன பாதரசம்தான் காரணம். அது மீனுக்குள் போய், மீன் தட்டுக்கு வந்தது. மனிதர் சோறும் காய்கறியும் சேர்த்துச் சாப்பிட்டார், பூனை வெறும் மீனாகச் சாப்பிட்டது, உடம்பும் சிறியது. அதனால்தான் அது முந்திக்கொண்டது.

கதையில் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அதே ஹொசோகாவா, தன் சம்பளத்தைக் கொடுக்கிற தொழிற்சாலையின் கழிவுநீரையே சாப்பாட்டில் கலந்து பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1959 அக்டோபரில் 400 என்று எண் போட்ட பூனை வலிப்பு வந்து விழுந்தது, குப்பத்துப் பூனைகள் விழுந்த அதே மாதிரி. சோதனையை மேலே கொண்டுபோகக் கம்பெனி விடவில்லை, முடிவும் வெளியே வரவில்லை. அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொள்ள 1968 ஆனது. அதுவரை கழிவு கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1970இல், புற்றுநோயில் படுத்த படுக்கையாக இருந்தபோதுதான் அந்த டாக்டர் 400ஆம் பூனையைப் பற்றி நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னார். அந்த வருஷமே போய்ச்சேர்ந்தார். நாள் தாழ்த்தினார் என்று அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு, நான் திட்டமாட்டேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

நம் மீனை வாங்காதீர்கள் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள், நாளைக்கு மீன்காரம்மா என்னைத் தெருவில் விடமாட்டார். நான் சொல்வது, ஒரே தெருவில் இரண்டு மூன்று பூனைகளுக்கு ஒரே மாதிரி கால் விழுந்தால், அதை ஒரு பூனைக் கதையாக விட்டுவிடாதீர்கள். மூன்றும் எங்கே சாப்பிட்டன என்று கேளுங்கள். 1996இல் நெதர்லாந்தில் 800க்கும் மேற்பட்ட பூனைகளுக்கு இப்படிக் கால் விழுந்தது. விசாரித்தால் எல்லாம் ஒரே உற்பத்தியாளரின் உலர் தீவனம் சாப்பிட்டவை. கோழிகளின் ரத்தக்கழிச்சலுக்குக் கொடுக்கிற சாலினோமைசின் என்ற மருந்து அதில் கலந்துவிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்திருந்தால் அது வெளியே வந்திருக்காது. இங்கே நாம் என்ன செய்கிறோம், பாக்கெட்டை வெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிவிட்டு உறையைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். தீவனம் தீரும் வரை உறை இருக்கட்டும், அதில்தான் தயாரிப்பு எண் இருக்கிறது.

காரணம் கிடைக்காமலே நாள் போவதும் உண்டு. ஸ்வீடனில் 1970களிலிருந்து பூனைகளுக்குப் பின்னங்கால் தள்ளாடும் நோய் ஒன்று வந்துகொண்டே இருந்தது. ரஸ்ட்ரெலா என்ற வைரஸ் என்று 2023இல்தான் சொன்னார்கள். எடுத்து வைத்திருந்த பழைய மூளைத் திசுக்கள் இருந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது. அதனால் பூனை செத்துப்போனாலும், மனசு இடம் கொடுத்தால், புதைப்பதற்கு முன் ஒரு மருத்துவரைக் கேளுங்கள். குரும்பாபேட்டில் நமக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இன்னும் இரண்டு நிமிஷம்தானாம். பாம்புக்கடியை இன்னும் தொடவே இல்லை. வில்லியனூர், பாகூர் வயல் பக்கம் இருப்பவர்கள், பூனை தளர்ந்து இமை சொருகி மூச்சு மேலோட்டமாக வந்தால் கடிவாயைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள், கட்டுவிரியன் கடித்த தடம் கண்ணில் படாது. மனிதருக்குப் போடுகிற விஷமுறிவு மருந்துதான் அதற்கும், தூக்கிக்கொண்டு போங்கள்.

வெறிநோய், இதை விட்டுவிட்டுப் போக முடியாது. நாய்க்கு மட்டும் வருகிற நோய் என்று நினைக்கிறோம், பூனைக்கும் வரும், அதிலும் சீறிக் கடிக்காமல் சும்மா தளர்ந்துபோகிற வகை உண்டு. தாடை தொங்கும், எச்சில் வடியும், குரல் மாறும். தொண்டையில் முள் சிக்கிக்கொண்டது என்று விரலை வாய்க்குள் விடுவீர்கள். விடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ குழாயடியில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், சின்னக் கீறல்தானே என்று இருக்காதீர்கள். பூனைக்கு வருஷா வருஷம் தடுப்பூசி.

ஒரு விரல் காட்டுகிறார். கடுவன் பூனை மண்ணில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டாதீர்கள், மூத்திரம் அடைத்திருக்கும், அன்றைக்கே காட்டுங்கள், மறுநாள் வரை வைத்திருக்க வேண்டாம். வணக்கம்.