கழுத்து வரைக்கும் மண்ணு, மிச்சம் ஒரு முகம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த மழையிலயும் இவ்ளோ பேர் வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். போன மாசம் நம்ம நாடகக் குழுவுல ஒரு பேச்சு வந்துச்சு, ஐம்பது வயசு தாண்டின நடிகைக்கு என்ன மிச்சம், அம்மா வேஷம், அப்புறம் பாட்டி வேஷம், அப்புறம் மாலை போட்ட போட்டோ, அவ்ளோதானேன்னு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அதுக்கு என் பதிலா ஒருத்தரோட கதையைச் சொல்றேன். இங்கிலாந்து நடிகை பெக்கி ஆஷ்கிராஃப்ட்.

1907ல லண்டன் பக்கத்துல க்ராய்டன்ல பிறந்தவங்க. அப்பா முதல் உலகப் போர்ல செத்துட்டார். நடிப்பு படிச்சது சென்ட்ரல் ஸ்கூல்ங்கற நாடகப் பள்ளியில, அப்போ அது ராயல் ஆல்பர்ட் ஹால் கட்டடத்துக்குள்ளயே நடந்துச்சு, பின்னாடி பெரிய நடிகரான லாரன்ஸ் ஒலிவியரும் அங்கதான் படிச்சார். 1926ல பர்மிங்ஹாம்ல முதல் மேடை.

1930ல லண்டன் சவாய் தியேட்டர்ல ஷேக்ஸ்பியரோட ஒதெல்லோ. ஒதெல்லோவா அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பால் ரோப்சன், டெஸ்டிமோனாவா இவங்க, வயசு 22. ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு கறுப்பரோட மேடையில கணவன் மனைவியா நிக்கிறதான்னு வீட்டுக்கு வசைக் கடிதாசு வந்துச்சு. தியேட்டரை ஒட்டியே இருக்கற சவாய் ஹோட்டல்ல ரோப்சனுக்கு வரவேற்பு கிடையாது, உள்ள மேடையில அவர்தான் ராஜா. நிறவெறின்னா என்னன்னு தன் கண்ணைத் திறந்தது அந்த நாடகம்தான்னு பின்னாடி இவங்களே சொல்லியிருக்காங்க.

1935ல ரோமியோ ஜூலியட். நடிகர் ஜான் கில்குட்டும் ஒலிவியரும் ரோமியோ வேஷத்தையும் அவன் நண்பன் மெர்குஷியோ வேஷத்தையும் மாத்தி மாத்திப் போட்டாங்க, ரெண்டு பேருக்கும் ஜூலியட் இவங்க ஒருத்தர்தான். அந்த நடிப்பு நமக்குக் கிடைக்கல, பார்த்தவங்க எழுதி வச்சதுதான் இருக்கு. மேடைக்காரங்களோட துக்கம் அது, விளக்கு அணைஞ்சா போச்சு.

சரி, வயசு விஷயத்துக்கு வர்றேன். 1960ல டைரக்டர் பீட்டர் ஹால் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியைக் கட்டினப்போ, வருஷக் கணக்குல ஒரே குழுவா இருந்து நடிக்கணும்னு அவர் கேட்டதும் முதல்ல சரின்னு நின்ன பெரிய பேர் இவங்கதான். 1963ல அங்க ஷேக்ஸ்பியரோட ஆறாம் ஹென்றி நாடகங்களையும் மூணாம் ரிச்சர்டையும் சேர்த்து ஒரே தொடரா போட்டாங்க. அதுல மார்கரெட் ராணி, பிரான்ஸ்லருந்து வர்ற சின்னப் பொண்ணா உள்ள வந்து, படை நடத்தி, புருஷனையும் புள்ளையையும் பறிகொடுத்து, கடைசியில சாபம் விட்டுட்டே அலையற கிழவியா முடியணும், அத்தனை வயசையும் 55 வயசுல இவங்க ஒரே ஆளா தாங்கினாங்க. பிபிசி அதைப் படம் பிடிச்சு 1965ல ஒளிபரப்புச்சு, அதனால இதை நாம பார்க்க முடியும். மார்கரெட் தன் எதிரி யார்க் தலையில காகிதக் கிரீடத்தை வச்சு, அவன் பையனோட ரத்தம் தோய்ஞ்ச துணியைக் கையில குடுக்கற காட்சியைத் தயவுசெஞ்சு பாருங்க. எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

1975ல ஓல்டு விக் மேடையில சாமுவேல் பெக்கெட்டோட ஹேப்பி டேஸ், வயசு 67. வின்னிங்கற பொம்பள ஒரு மண்மேட்டுல இடுப்பு வரைக்கும் புதைஞ்சிருக்கா. கையில ஒரு பை, பல் பிரஷ், குடை, அதை எடுத்து வச்சுப் பேசிக்கிட்டே இருக்கா. இடைவேளை முடிஞ்சு திரை தூக்கினா கழுத்து வரைக்கும் மண்ணு, தலையைக்கூடத் திருப்ப முடியாது, கண்ணும் குரலும் மட்டும்தான். நம்ம பசங்ககிட்ட நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றேன், கை எங்க வைக்கிறதுன்னு தவிக்காதீங்க, கையே இல்லாம ஒருத்தர் ஒரு முழு அங்கத்தையும் தூக்கி நிறுத்தியிருக்காங்க.

அதுக்கப்புறம்தான் டிவி. 1980ல பிபிசியில ரயில்ல வர்ற அதிகாரமான ஒரு வியன்னா மூதாட்டி, அதே வருஷம் இன்னொரு டிவி நாடகம், ரெண்டுக்கும் சேர்த்து பிரிட்டனோட பாஃப்டா விருது. 1984ல கிரனடா டிவி 14 பாகமா எடுத்த தி ஜூவல் இன் தி கிரௌன், பிரிட்டிஷ் ஆட்சி முடியப்போற நேரத்து இந்தியாவுல நடக்கற கதை. பார்பின்னு ரிட்டையர் ஆன மிஷன் டீச்சர், சொந்தம்னு யாரும் கிடையாது, அடுத்தவங்க வீட்டுல ஒரு ரூம்ல ஒண்டிக்கிட்டிருக்கற கிழவி, பயத்துல ஓயாம பேசுவா. அந்த ரூமும் போகுது. தன் ட்ரங்குப் பெட்டியை ஏத்திக்கிட்டு மழையில குதிரை வண்டியில கிளம்பறப்போ வண்டி கவிழ்ந்துடுது. அப்புறம் ஆஸ்பத்திரி, பேச்சு நின்னுடுது. அவ்ளோ பேசின வாய் மூடினதும் அந்த முகத்துல வர்ற அமைதியைப் பாருங்க, வின்னி பண்ணின அதே மனுஷி இப்போ குரலையும் எடுத்து வச்சுட்டாங்க, மிச்சம் கண்ணு மட்டும். இதுக்கும் பாஃப்டா.

அந்தக் களைப்போடயே டைரக்டர் டேவிட் லீன் கூப்பிடறார், எ பாஸேஜ் டு இந்தியா படத்துல இந்தியாவுக்கு வர்ற வயசான வெள்ளைக்கார அம்மா மிஸஸ் மூர் வேஷம். எனக்கு 75 வயசாச்சுங்கன்னு இவங்க சொல்ல, எனக்கும்தான்னு அவர் சொன்னாராம். பெங்களூரு, ராமநகரம் பக்கத்துப் பாறைங்க, ரயில் காட்சிக்கு நம்ம நீலகிரி மலை ரயில். குன்னூர் பக்கம் போறவங்க அந்த ரயில் பெட்டியைப் பார்க்கறப்போ இந்த அம்மாவை ஒரு தடவை நினைச்சுக்கோங்க. அந்த வேஷத்துக்கு 1985ல ஆஸ்கர், வயசு 77. சிறந்த துணை நடிகை ஆஸ்கரை அவ்ளோ வயசுல வாங்கினது இவங்க மட்டும்தான். விழாவுக்குப் போகல, இவங்களுக்காக நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி வாங்கிக்கிட்டாங்க. 1991ல காலமானாங்க.

இன்னைக்கு எ பாஸேஜ் டு இந்தியாலருந்து ஒரே ஒரு காட்சி கொண்டு வந்திருக்கேன். ராத்திரி, நிலா வெளிச்சம், ஒரு மசூதி. விக்டர் பானர்ஜி நடிச்ச டாக்டர் அஸீஸ் இருட்டுல ஒரு வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்துட்டு, செருப்போட உள்ள வந்துட்டீங்கன்னு கோவப்படறார். அவங்க ஏற்கனவே கழட்டிட்டுத்தான் வந்திருக்காங்க. யாரும் பார்க்காத இடத்துலயும் கழட்டுவீங்களான்னு கேட்கறப்போ, கடவுள் இங்க இருக்காரேன்னு ஒரு சின்ன பதில். அந்த வரியை இவங்க எவ்ளோ மெதுவா, கிட்டத்தட்ட கூச்சத்தோட சொல்றாங்கன்னு கேளுங்க.

தம்பி, அந்தப் பக்கத்து லைட்டையும் அணைச்சிடுப்பா.