நான்கு என்ஜினும் நின்ற இரவு

நேயர்களுக்கு வணக்கம். ஓடும் பேருந்து நடுவழியில் நின்றுவிட்டால் ஓட்டுநர் இறங்கி என்ஜினைத் திறந்து பார்ப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 37,000 அடி உயரத்தில் ஓரங்கட்ட இடமுமில்லை, திறந்து பார்க்க வழியுமில்லை. காரணம் புரியாத பழுதை விமானக் குழுவினர் எப்படிக் கையாள வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் எனக்கு, 1982 ஜூன் 24 இரவைவிடச் சிறந்த பாடம் கிடைத்ததில்லை.

கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்கு 248 பயணிகளுடனும் 15 ஊழியர்களுடனும் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747, இந்தோனேசியாவின் ஜாவா தீவின் அருகே பறந்துகொண்டிருந்தது. முன்கண்ணாடியில் தீப்பொறிகள் படபடத்தன. உள்ளே கந்தக நெடியோடு புகை பரவியது. வானிலை ராடாரிலோ ஒன்றுமே தெரியவில்லை. முதலில் நான்காம் என்ஜின் நின்றது. சில நிமிடங்களுக்குள் மற்ற மூன்றும் நின்றன.

காரணத்தைத் தேடி அவர்கள் நேரத்தை வீணாக்கவில்லை என்பதை மீண்டும் மீண்டும் சொல்லத் தோன்றுகிறது. தலைமை விமானி எரிக் மூடி என்பவர் விமானத்தைச் சீராக மிதக்கவிட்டு, ஜகார்த்தாவை நோக்கித் திருப்பினார். பொறியாளர் பேரி டவுன்லி-ஃப்ரீமன் என்ஜின்களை உயிர்ப்பிக்கும் முறையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருந்தார். என்ஜின்கள் நின்றதால் உள்ளே காற்றழுத்தம் குறைந்துகொண்டிருந்தது. துணை விமானி ரோஜர் கிரீவ்ஸின் ஆக்சிஜன் முகமூடியோ கையிலெடுத்ததும் கழன்று துண்டுகளாகிவிட்டது. காற்று அடர்ந்த உயரத்துக்கு அவரைக் கொண்டுசேர்ப்பதற்காக, பொக்கிஷமாகக் காக்க வேண்டிய உயரத்தையே தலைமை விமானி விரைவாக இழக்கத் துணிந்தார். இந்த ஒரு முடிவை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். முன்னால் ஜாவாவின் மலைகள். அவற்றைத் தாண்ட உயரம் போதாவிட்டால் கடலில்தான் இறங்க வேண்டும். அந்த நிலையிலும் அவர், சிறு சிக்கல் ஒன்று ஏற்பட்டிருப்பதாகவும் நான்கு என்ஜினும் நின்றுவிட்டதாகவும் பயணிகளிடம் மறைக்காமல் அறிவித்தார்.

ஏறத்தாழ 13,000 அடியில் நான்காம் என்ஜின் உறுமியது. பிறகு மற்றவையும் உயிர்பெற்றன. ஓடுபாதையை நெருங்கியபோது, உப்புத்தாள் கொண்டு தேய்த்ததுபோல் முன்கண்ணாடி மங்கிப்போயிருந்தது. ஓரத்தில் தெளிவாக இருந்த சிறு கீற்றின் வழியே பார்த்துத்தான் தரையிறக்கினார்கள். அனைவரும் உயிர் தப்பினர்.

ஜாவாவிலுள்ள கலுங்குங் எரிமலையின் சாம்பல்தான் காரணம் என்பது பின்னரே தெரிந்தது. வானிலை ராடார் ஈரத்தை மட்டுமே காட்டும், சாம்பலோ உலர்ந்தது. என்ஜினின் வெப்பத்தில் உருகி உள்ளே ஒட்டிய சாம்பல், என்ஜின் நின்று குளிர்ந்ததும் இறுகி உதிர்ந்தது. பேரி விடாமல் முயன்றுகொண்டிருந்ததால்தான், அது உதிர்ந்த கணத்தில் என்ஜின் பற்றிக்கொண்டது.

சாம்பல் எச்சரிக்கை மையங்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். உலகெங்கும் இப்போது அப்படி ஒன்பது மையங்கள் செயற்கைக்கோள் வழியே எரிமலைச் சாம்பலைக் கண்காணிக்கின்றன. ஜாவாவின் வானம் ஆஸ்திரேலியாவின் டார்வின் மையத்தின் பொறுப்பில் இருக்கிறது. வணக்கம்.