உவர்த் தண்ணீரிலும் நுரைக்கும் உப்பு: சல்போனேட் எப்படித் தயாராகிறது?

(காட்சி: தங்கச்சிமடம். ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர், ஒரு சோப்புக் கட்டி.)

வணக்கம். வாளியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். சோப்பைத் தேய்க்கத் தேய்க்க நுரை வரவில்லை. திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்து, வாளி ஓரத்தில் பிசுக்காக ஒட்டுகின்றன. பாம்பன், மண்டபம் பக்கம் உவர்க் கிணற்றில் துவைப்பவர்களுக்கு இது பழகிய தொல்லைதான். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகின்றன.

(காட்சி: அதே தண்ணீர், ஒரு ஸ்பூன் சலவைத்தூள்.)

இப்போது நுரைக்கிறது. அழுக்கை எடுக்கும் முக்கியச் சரக்கு, சோடியம் லீனியர் ஆல்கைல் பென்சீன் சல்போனேட். இது சோப்பைப் போல அவ்வளவு சுலபமாகத் திரியாது.

மண்ணெண்ணெயிலிருந்து பிரித்த, 10 முதல் 13 கார்பன் வரை உள்ள நேர்ச் சங்கிலிகளைப் பென்சீனோடு இணைத்தால் எல்.ஏ.பி. (லீனியர் ஆல்கைல் பென்சீன்) என்ற எண்ணெய் கிடைக்கும். சென்னை மணலியிலேயே இது தயாராகிறது.

(காட்சி: வரைபடம், உலையும் குழாய்களும்.)

அப்புறம்தான் நுணுக்கமான வேலை. கந்தகத்தை எரித்து, வனேடியம் வினையூக்கி வழியாகச் செலுத்தி, சல்பர் டிரையாக்சைடு வாயு எடுக்கிறார்கள். எரிக்கும் காற்றில் துளி ஈரம்கூட இருக்கக்கூடாது. இருந்தால் கந்தக அமிலப் புகை கிளம்பிவிடும். நம் கரையோரக் காற்றை அப்படியே உள்ளே விடவே முடியாது, முதலில் நன்றாக உலர்த்தியாக வேண்டும். எண்ணெய், குழாயின் உட்சுவரில் மெல்லிய படலமாக வழிந்து இறங்கும். வாயுவும் கூடவே இறங்கும். வினையில் சூடு பயங்கரமாகக் கிளம்பும். அதனால்தான் வாயுவை நிறையக் காற்றோடு கலந்து நீர்க்கச் செய்து, குழாயைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீரும் ஓடவிடுகிறார்கள். சூடு மீறினால் சரக்கு கறுத்துவிடும்.

வெளியே வரும் கெட்டியான பழுப்புத் திரவம்தான் கெமிக்கல் கடைகளில் விற்கும் ஆசிட் ஸ்லரி. அதை காஸ்டிக் சோடாவோ சோடா உப்போ (சலவைச் சோடா) போட்டுச் சமன்செய்தால் சல்போனேட் உப்பு தயார்.

1950களில் கிளைத்த சங்கிலிதான் புழக்கத்தில் இருந்தது. நுண்ணுயிர்களால் அதை எளிதில் சிதைக்க முடியாமல், மேலை நாட்டு ஆறுகளில் நுரை மலையாகக் குவிந்தது. 1960களின் நடுவில்தான் நேர்ச் சங்கிலிக்கு மாறினார்கள். நேர்ச் சங்கிலியும் காற்றோட்டமுள்ள தண்ணீரில்தான் சீக்கிரம் சிதையும். காற்றுப் புகாத சேற்றில் தங்கிவிடும். மன்னார் வளைகுடாவில் கடல் புல் வளர்வதும் சேற்றிலும் மணலிலும்தான்.

ஆகவே வீட்டில் தூள் தயாரிக்கும் அக்காக்களே, ஸ்லரி கேனை அலசி ஓடையில் கொட்டாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, அடியில் ஒட்டியதில் சோடா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். பொங்கி அடங்கியதும் சுரண்டி, அடுத்த தூளிலேயே கலந்துவிடலாம்.