சென்னையின் வசந்தம் தலைக்கு மேலே இருக்கிறது

[திரையில்: காலை வெயில், மஞ்சள் பூ உதிர்ந்து கிடக்கும் ஒரு நடைபாதை]

வணக்கம். சென்னையில் வசந்தம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இந்த வீடியோ. மார்ச் தொடங்கி மே முடியும்வரை, நம் கணக்கில் சொன்னால் மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை, இந்த ஊரில் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டேதான் இருக்கிறது. நாம்தான் தப்பான இடத்தில் தேடுகிறோம். வெளிநாட்டுப் படங்களில் வருகிற மாதிரி தரையெல்லாம் பூ விரிந்த புல்வெளியைத் தேடிப் போனால் பங்குனி வெயிலில் காய்ந்த மண்தான் கிடைக்கும். கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். இங்கே வசந்தம் மரத்தில்தான் வருகிறது.

ஏன் அப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் எப்போது எங்கே போவது என்பது தானாகப் பிடிபடும்.

[திரையில்: மழை மேகம், அப்புறம் வெடித்த ஏரி மண்]

சென்னைக்கு ஒரு வருடத்தில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்திலேயே கொட்டிவிடும். சின்னச் செடிகளுக்கு வேர் ஆழம் போகாது, அதனால் மேல்மண்ணில் ஈரம் இருக்கும்போதே முளைத்து, பூத்து, விதை போட்டு வேலையை முடித்துக்கொள்கின்றன. தும்பை பார்க்க ஆசையா, மழை ஓய்ந்த கையோடு மார்கழி, தையில் போங்கள். தரையில் பூக்கிற காட்டுப்பூக்களுக்கு இங்கே அதுதான் பெரிய சீசன். பங்குனி வரும்போது அதில் பாதி விதையாக மண்ணுக்குள் போயிருக்கும்.

மரத்தின் கணக்கு வேறு. வேர் ஆழத்தில் இருக்கிறது, தண்டில் தண்ணீர் சேமிப்பு இருக்கிறது. வறட்சி தொடங்கியதும் பல மரங்கள் இலையை உதிர்த்துவிடும், இலை வழியாக ஆவியாகிப் போகிற தண்ணீர் மிச்சமாகும், அந்த மிச்சத்தில்தான் பூக்கிறது. இலை மறைக்காததால் தேனீக்கும் பறவைக்கும் பூ தூரத்திலிருந்தே தெரியும் என்பது இன்னொரு வசதி. ஊரே வறண்டு கிடக்கும்போது மரம் மட்டும் பூத்து நிற்பதற்குக் காரணம் இவ்வளவுதான். எனக்கு இது எத்தனை வருடம் பார்த்தாலும் ஆச்சரியம் குறையாத விஷயம்.

[திரையில்: இலையில்லாத கிளையில் சிவப்புப் பூக்கள், மைனாக்கள்]

முதலில் வருவது கல்யாண முருங்கை. முள்முருங்கை என்றும் சொல்வார்கள், பழைய வீடுகளில் வேலியோரம் நிற்கும், இதன் இலையை அரைத்துத்தான் சளிக்கு அடை சுடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் இலை முழுக்கக் கொட்டி, கிளை நுனியில் ரத்தச் சிவப்பாகப் பூக்கும். மைனா, காகம், கொண்டைக்குருவி என்று எல்லாம் தேனுக்கு வந்து நிற்கும், பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பூத்த கல்யாண முருங்கை ஒன்றின் கீழே நின்றாலே போதும்.

அடுத்து மாவிலங்கம். இதைப் பலரும் கவனிப்பதே இல்லை, எனக்கோ இந்தப் பட்டியலில் மிகப் பிடித்த மரம் இதுதான். வெள்ளையாகத் திறந்து மெல்ல மஞ்சளுக்கு மாறும் பூ, இதழைத் தாண்டி நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்த இழைகள், ஒரே கொத்தில் வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்தே இருக்கும். பழைய ஏரிக்கரை, கோயில் பக்கம் இருந்தால் தேடிப் பாருங்கள்.

புங்கை மார்ச்சில் பளபளவென்று புது இலை விடும், கூடவே பூக்கும். மரத்தில் பூ அவ்வளவாகத் தெரியாது, கீழே பார்த்தால்தான் தெரியும், யாரோ பொரியை வாரி இறைத்த மாதிரி தரை வெளுத்துக் கிடக்கும். சங்ககாலப் புலவர்களும் இதைப் பொரி என்றுதான் சொன்னார்கள். நிறுத்தி வைத்த வண்டி மேலெல்லாம் விழுந்து கிடக்கிறதே, குப்பை என்று தட்டிவிடுகிறோமே, அதுதான் அது.

அதே நேரத்தில் வேம்பும் பூக்கும். வேப்பம்பூவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை, சித்திரை முதல் நாள் பச்சடிக்கு எல்லோர் வீட்டிலும் வேண்டும். ஒன்று மட்டும் செய்யுங்கள், சாயங்காலம் வெயில் தணிந்த பிறகு பூத்த வேம்பின் கீழே ஐந்து நிமிடம் நில்லுங்கள், அந்தத் தேன் வாசம் பகலில் அவ்வளவு கிடைக்காது.

[திரையில்: இரண்டு மஞ்சள் மரங்கள் பக்கத்துப் பக்கத்தில்]

இப்போது மஞ்சள். சரக்கொன்றை எது என்று கேட்டால் பாதிப் பேர் இயல்வாகையைக் காட்டுவார்கள். சென்னைச் சாலையோரத்தில் அதிகமாக நிற்பது இயல்வாகைதான், பெருங்கொன்றை என்றும் பெயர், தென்கிழக்கு ஆசியப் பக்கத்து மரம். பிரித்தறிய ஒரே விஷயம் பார்த்தால் போதும். இயல்வாகையின் பூங்கொத்து மரத்தின் உச்சியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும், காய் செம்பு நிறத்தில் தட்டையாக இருக்கும். சரக்கொன்றையின் கொத்து கீழ்நோக்கிச் சரம் சரமாகத் தொங்கும், காய் கறுப்பாக, உருண்டையாக, ஒரு முழம் வரைகூட நீளமாக இருக்கும். ஒரு தடவை இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டால் ஓடுகிற பஸ்ஸிலிருந்தே சொல்லிவிடுவீர்கள்.

சரக்கொன்றை நம் மண்ணின் மரம். ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும், கேரளத்தில் விஷுக் கணிக்கு வைப்பது இதுதான், தாய்லாந்தின் தேசிய மலரும் இதுதான். விழுந்த பூ ஒன்றைக் கையில் எடுத்து உள்ளே பாருங்கள். மகரந்தக் காம்புகள் பத்து இருக்கும், பத்தும் ஒரே மாதிரி இருக்காது, மூன்று மட்டும் நீளமாக வளைந்து வெளியே நீட்டும், மற்றவை குட்டை. இந்தப் பூவில் தேன் கிடையாது. தேனீயும் கருவண்டும் வருவது மகரந்தத்துக்காகத்தான், அதனால் மரம் வேலையைப் பங்கு போட்டு வைத்திருக்கிறது: குட்டைக் காம்பில் இருப்பது வண்டு தின்ன, நீளக் காம்பில் இருப்பது வண்டின் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போக. கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும், பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் பறக்கும்போது வருகிற சத்தத்திலிருந்து வேறாகக் கேட்கும். காது கொடுத்துக் கேளுங்கள்.

கடைசியில், அக்னி நட்சத்திரம் தொடங்குகிற நேரத்தில் குல்மோகர் உச்சத்துக்கு வரும். மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். ஐந்து இதழில் நான்கு சிவப்பு, ஒன்று மட்டும் வெள்ளையும் மஞ்சளுமாகத் திட்டுப் போட்டு நிமிர்ந்து நிற்கும். பிள்ளைகளுக்கு லீவு விட்டிருக்கும் நேரம், உதிர்ந்த மொட்டைப் பிரித்து மகரந்தக் காம்புகளைக் கொக்கி போட்டு இழுத்துச் சண்டை விடலாம், யார் காம்பின் தலை முதலில் அறுகிறதோ அவர் தோற்றார்.

[திரையில்: பூங்கா வாசல், நடைப்பயிற்சி போகிறவர்கள்]

சரி, எங்கே போவது?

முதல்முறை போகிறவர்களுக்குக் கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்காவைச் சொல்வேன். பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடம், 2010 நவம்பரில் திறந்தார்கள், சுமார் 20 ஏக்கர். குழந்தைகள், வயதானவர்கள் எல்லோரும் நடக்கத் தோதான இடம். ஆனால் எனக்கு இதைவிட மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா பிடிக்கும். அமிர்தாஞ்சன் நிறுவனர் பெயரில் இருக்கிறதே, அதுதான். சின்னதுதான், நல்ல வளர்ந்த நிழல் இருக்கிறது, காலையில் நடக்க வருகிற பெரியவர்களிடம் ஒரு மரத்தைக் காட்டிக் கேட்டால் அது எந்த மாதம் பூக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

மரம் கற்றுக்கொள்ளவே போகிறீர்கள் என்றால் கோட்டூர்புரம் மரப்பூங்கா. அடையாற்றின் ஓரத்தில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை ‘நிழல்’ அமைப்பினர் நாட்டு மரங்களாக நட்டு மாற்றியது. அலங்காரத் தோட்டமாக இல்லாமல் குட்டிக் காடாக இருக்கும், அதனாலேயே அங்கே போகச் சொல்கிறேன்.

கிண்டி தேசியப் பூங்காவை மறந்துவிட வேண்டாம். 1978இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் இந்தக் கடற்கரைச் சமவெளி முழுக்க ஒரு காலத்தில் இருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. இந்தக் காட்டுப் பூக்கள் பெரும்பாலும் சின்னவை, வெள்ளை, வாசம் உள்ளவை, களா மாதிரி. பொதுமக்கள் போக முடிவது சிறுவர் பூங்கா பகுதி வரைதான், உள்காட்டுக்கு அனுமதி வேண்டும். அடையாறு பிரம்மஞான சபையின் தோட்டத்துக்கும் பார்வை நேரக் கட்டுப்பாடு உண்டு, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கோயில்களையும் நான் பூங்காக் கணக்கில்தான் சேர்ப்பேன். கபாலீஸ்வரர் கோயிலில் புன்னை, திருவொற்றியூரில் மகிழம், இரண்டும் தலமரங்கள். மகிழம்பூ விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும், காய்ந்த பிறகும் வாசம் போகாது, பொறுக்கி எடுத்துத் துணி அலமாரியில் போட்டு வைக்கலாம்.

[திரையில்: கடற்கரை மணலில் ஊதாப் பூக்கள்]

தரையில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது, வெயிலைத் தாங்குகிறவை மட்டும். கடற்கரையில் கால் படாத மணல் மிச்சமிருக்கிற இடங்களில் அடப்பங்கொடி படர்ந்து கிடக்கும். ஊதா கலந்த இளஞ்சிவப்பில் புனல் மாதிரிப் பூ, இலை ஆட்டுக் குளம்பு போலப் பிளந்திருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பூ வாடிவிடும். இந்தக் கொடிதான் மணலை இறுக்கிப் பிடித்து வைக்கிறது, அழகுபடுத்துகிறோம் என்று இதை வழித்து எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

காலி மனைகளில் எருக்கு. அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் கருவண்டு வரும், இலைக்கு அடியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டை போட்ட புழு இருக்கும், அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு, தொடாமல் பார்த்துவிட்டு வாருங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வண்டலூர் தாண்டி செங்கல்பட்டுப் பக்கம் போனால் சாலையோரம் ஆவாரை மஞ்சளாக நிற்கும், தரையோடு தரையாக நெருஞ்சியும்.

பெரும்பாலானவற்றுக்கு ஏற்ற நேரம் காலை ஆறு முதல் எட்டு. தண்ணீர், தொப்பி, செருப்புக்குப் பதில் ஷூ. கிளையை உலுக்காதீர்கள், விழுந்ததை மட்டும் எடுங்கள்.

[திரையில்: அடிமரம் வரை சிமென்ட் பூசிய நடைபாதை]

இதைப் பேசாமல் முடிக்க முடியாது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் இந்த ஊர் பல்லாயிரம் மரங்களை இழந்தது. குல்மோகர், இயல்வாகை போன்றவை நிறைய விழுந்தன. வேர் ஆழமில்லாத மரம், முறியும் கிளை, இது ஒரு காரணம்தான். அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் போட்டு, கேபிளுக்கும் குழாய்க்கும் பள்ளம் தோண்டும்போது வேரை வெட்டினால் எந்த மரம் நிற்கும்? உங்கள் வாசலில் இருக்கிற மரத்தைச் சுற்றி இரண்டு, மூன்று அடி மண் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரப் பலகை ஆணி அடித்திருந்தால் அப்படியே விட்டுவிடாமல் மாநகராட்சிக்குப் புகார் கொடுங்கள்.

இன்னொன்று. சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம் இருக்கிறது, இந்தியா முழுக்க சாதாரண மக்கள் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு தடவை இலை, பூ, காய் எப்படி இருக்கிறது என்று பதிவு செய்கிறார்கள். எந்த மரம் எப்போது பூக்கிறது, அது ஆண்டுக்காண்டு தள்ளிப்போகிறதா என்று தெரிய இந்த மாதிரிக் குறிப்புகள்தான் வேண்டும், சென்னையிலிருந்து இன்னும் நிறைய வர வேண்டும். சரக்கொன்றையும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் தெருவில் ஒன்று இருந்தால் அதிலிருந்தே ஆரம்பியுங்கள், வாரத்துக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.